சாட்சிச் சில்லு

வீடு பார்க்க வந்த அம்மாள் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது யாரோட மூச்சு?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு விரல்களைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் சுத்தியலோடு நின்றிருந்த ரேணுகாதேவி அந்தத் துடைப்பைப் பார்த்தாள். பின்னால் நடந்த அத்தனை அசிங்கத்துக்கும் அதுதான் தொடக்கம் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

ரேணுகா நெடுமாடம் என்ற கட்டுமான நிறுவனத்தில் தரப் பொறியாளர். பழைய மகாபலிபுரம் சாலையில், சதுப்பு நிலத்தைத் தூர்த்து எழுப்பிய இருபத்திரண்டு மாடிக் கோபுரம் ஒன்று அவள் பொறுப்பில் இருந்தது. வீடு வீடாகப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்து, இறுகிவிட்டது, இன்னும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது வேலை. அன்று இரண்டாம் மாடியிலிருந்த மாதிரி வீட்டில் நின்றிருந்தாள். விற்பனைப் பிரிவு ஜெபராஜ், வந்த தம்பதிக்கு வழக்கமான பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான்.

“சிமென்ட் ஆலைங்களை மூடிப் பத்து வருஷம் ஆச்சு இல்லையா மேடம். இது உயிர்க்காரை. இதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கு, நல்ல கிருமி. நாம விடுற மூச்சுல இருக்கிற கரியைத் தின்னு அதைக் கல்லாக்கிடும். பதினெட்டு மாசம் ஆளுங்க உள்ள குடியிருந்து மூச்சு விட்டாத்தான் சுவர் இறுகும்.”

“சிலிண்டர்ல காத்து அடிச்சா ஆகாதா?”

“அடிச்சுப் பார்த்தாங்க. சுவர் பாளம் பாளமா வெடிச்சுப் போச்சு. மனுஷ மூச்சுல சூடு இருக்கு, ஈரம் இருக்கு, தூங்கும்போது ஒரு மாதிரி, வேலை செய்யும்போது ஒரு மாதிரி. கிருமிக்கு அதுதான் பிடிக்குது.”

அப்போதுதான் அந்த அம்மாள் யாருடைய மூச்சு என்று கேட்டாள். ஜெபராஜ் சிரித்து மழுப்பினான். மழுப்பலுக்குக் காரணம் இருந்தது. மாதிரி வீட்டில் மட்டும் நாலு பேர் கொண்ட ஒரு கௌரவமான குடும்பம் இருந்தது. மற்ற எண்பத்தேழு வீடுகளிலும் இருந்தவர்கள் மூச்சுக்குடிகள்.

மூச்சுக்குடி என்பது நிறுவனம் வைத்த பெயரல்ல. ஒப்பந்தத்தில் ‘தற்காலிக வசிப்புப் பங்காளர்’ என்று நாகரிகமாகப் போட்டிருந்தார்கள். கடற்கரையில் நடைபாதையும் பூங்காவும் போடுவதற்காக இடித்த குப்பங்களிலிருந்து வந்த சனம். வீட்டுக்கு எட்டுத் தலை குறையக்கூடாது. சன்னலை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் திறக்கலாம், மூச்சு வீணாகக் கூடாது பாருங்கள். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, பால் காய்ச்சக்கூடாது. தேநீர் போடலாம், குழந்தைக்குக் கொடுக்கலாம், ஆனால் அடுப்பில் பாலைப் பொங்க விடக்கூடாது. பொங்கவிட்டால் அது புதுமனை புகுவிழா ஆகிவிடும், நாளைக்கு வழக்கு என்று வந்தால் வீடு எங்களுடையது என்பார்கள் என்று எவனோ ஒரு வக்கீல் மூளையைக் கசக்கி யோசித்திருக்கிறான். பதினெட்டு மாதம் ஒழுங்காக மூச்சு விட்டு முடித்தால் கோபுரத்துக்குப் பின்னாலிருக்கும் குட்டை மாடிக் கட்டடத்தில் முந்நூறு சதுர அடியில் சொந்தமாக ஒரு வீடு. காரைத் தூளால் வருகிற இருமல் இலவசம்.

ஒரு மாதத்தில் வீடு வாங்குவோர் சங்கம் கூடியது. தலைவர் நவநீதம், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, மென்மையாகப் பேசுகிற மனிதர். யாரையும் குறைவாகச் சொல்லவில்லை என்று முன்னுரை சொல்லிவிட்டு, வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கும் வீட்டின் சுவருக்குள் யாரோ தின்ற கருவாடும் மாட்டுக்கறியும் இருக்குமானால் பூசையறையை எங்கே வைப்பது என்று கேட்டார். கூட்டம் கை தட்டியது. இப்படி ஒரு கேள்வியை மைக்கில் கேட்க வெட்கமே வராதா என்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ரேணுகா நினைத்துக்கொண்டாள். கை தட்டியவர்களில் பாதிப் பேர் மென்பொருள் நிறுவனத்துப் பிள்ளைகள்.

கேள்வி எழுந்தால் பதில் சொல்ல ஆய்வகங்களுக்கா பஞ்சம்? சுவரின் மேல்தோலில் ஒரு சில்லு பெயர்த்துக் கொடுத்தால், அந்த வீட்டில் இருந்தவர்கள் குடிவந்த நாளிலிருந்து என்ன சாப்பிட்டார்கள் என்று சொல்லிவிட முடிந்தது. செடியிலிருந்து வரும் கரிக்கு ஒரு கணக்கு, மீனிலிருந்து வரும் கரிக்கு ஒரு கணக்கு; மூச்சு அதை அப்படியே சுமந்துபோய்ச் சுவரில் படியவைக்கிறதாம். அடுத்த வாரமே சோழிங்கநல்லூர் சந்திப்பில் விளம்பரப் பலகை ஏறியது. வெள்ளைச் சுவரில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு ஒரு பெண் கண்ணை மூடிச் சிரிக்கிறாள். ‘சைவ மூச்சில் விளைந்த வீடு.’

அவளுடைய மேலதிகாரி கஜேந்திரன் அறைக்கு அழைத்துத் திட்டத்தை விளக்கினார். அசைவம் சாப்பிடும் மூச்சுக்குடிகள் தாங்களாக ஒப்புக்கொண்டால் தண்டனை ஒன்றுமில்லை. படூரில் கட்டும் வேறொரு கோபுரத்துக்கு அனுப்புவார்கள். அங்கே முதலிலிருந்து மறுபடி பதினெட்டு மாதம். நாங்கள் சைவம் என்று சொல்பவர்கள் இங்கேயே இருக்கலாம், ஆனால் சில்லு எடுத்துச் சோதிப்பார்கள். பொய் என்று தெரிந்தால் படூரும் கிடையாது, பின்கட்டு வீடும் கிடையாது, வெளியேற வேண்டியதுதான்.

“இதெல்லாம் நல்லாவா சார் இருக்கு?” என்று கேட்டாள் ரேணுகா.

“நல்லா இல்லதான். ஆனா விக்கணுமே” என்றார் கஜேந்திரன். அவர் கெட்ட மனிதர் இல்லை. அலுவலகத்தில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் போய்ப் பார்ப்பவர் அவர்தான். அப்படிப்பட்டவர்கள்தான் இந்த மாதிரிக் காரியங்களை அலுங்காமல் செய்து முடிக்கிறார்கள்.

எண்பத்தேழு குடும்பங்களில் அறுபத்தெட்டு, மூட்டை கட்டிக்கொண்டு படூர் போயின. பத்தொன்பது குடும்பங்கள் சைவம் என்று எழுதிக் கொடுத்தன. அதில் ஒன்றாகப் பன்னிரண்டாம் மாடி, 1203ஆம் எண் வீட்டுப் பூங்காவனத்தின் பெயரைப் பார்த்ததும் ரேணுகாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பூங்காவனம் மீன்காரி. பிறந்தது குப்பத்தில், பிழைத்தது கூடையில். இங்கே வந்த பிறகு சாலையோரப் பெரிய அங்காடி ஒன்றின் மீன் பிரிவில் வெட்டிக் கொடுக்கும் வேலை. புருஷன் தேசப்பன், இரண்டு பெண்கள், தங்கை, தங்கையின் மூன்று பிள்ளைகள் என்று எட்டுத் தலை. மாதாமாதம் சுவர் தட்டப் போகும்போதெல்லாம் வாசலிலேயே மீன் கவிச்சி ரேணுகாவை வரவேற்கும். இவள் போய்ச் சைவம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாளே!

அன்றைக்கே பன்னிரண்டாம் மாடிக்கு ஏறினாள். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தேசப்பன் மூலையில் சுவருக்கு முதுகு காட்டி இருமிக்கொண்டிருந்தான். நிறுவனம் சொல்லிக் கொடுத்தபடி சுவரைப் பார்த்து இருமுவதை அவன் எப்போதோ விட்டுவிட்டான். ரேணுகா பூங்காவனத்தைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், உண்மையைச் சொல்லிவிடு, படூருக்கு அனுப்புவார்கள், அவ்வளவுதான், மாட்டிக்கொண்டால் எல்லாமே போய்விடும் என்று எடுத்துச் சொன்னாள்.

“சாப்புடறது இல்ல மேடம்.”

“என்கிட்டயுமா? வாசல்லயே வாசனை வருது பூங்காவனம்.”

“வாசனை வருது. சாப்புடறது இல்ல. மெய்யாலுமேதான் சொல்றேன். இன்னும் ரெண்டு மாசம்தான் பாக்கி. படூர் போனா மறுபடியும் மொதல்லேர்ந்து. அந்த ஆளு அதுக்குத் தாங்க மாட்டாரு.”

சொல்லிவிட்டு அவள் ரேணுகாவின் கண்ணை நேராகப் பார்த்தாள். ரேணுகா அந்தப் பார்வையை அடையாளம் கண்டுகொண்டதாக நினைத்தாள். அது அவளுடைய சொந்தப் பார்வை. அரக்கோணத்திலிருந்து வேலைக்கு வந்த இந்த இருபது வருடத்தில் மாம்பலம், நங்கநல்லூர், அடையாறு என்று அவள் குடியிருந்த எல்லா வீட்டுக்காரர்களும் முதலில் கேட்ட கேள்வி ஒன்றே: சைவம்தானே? ஆமாம் என்று கண்ணை நேராகப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கதவு சன்னலைச் சாத்தி, சாம்பிராணி புகை போட்டு, குக்கர் விசில் வராமல் கறி வேகவைத்து, எலும்பை நாலு மடிப்புச் செய்தித்தாளில் சுற்றிக் கைப்பையில் வைத்துத் திங்கட்கிழமை அலுவலகக் குப்பைத்தொட்டியில் போட்டிருக்கிறாள். வீடு வேண்டுமானால் இந்த ஊரில் யாராக இருந்தாலும் பொய்தான் சொல்லியாக வேண்டும். பூங்காவனத்துக்கு மட்டும் வேறு வழி ஏது?

பாவம், ரசம் சோறுகூட நம் கண்ணில் படவேண்டும் என்றுதான் போட்டு வைத்திருக்கிறாள் என்று எண்ணினாள். அவள் தோளைத் தட்டி, “சரி விடு. நான் பாத்துக்கறேன்” என்றாள். பூங்காவனத்துக்கு ஒன்றும் புரியவில்லை. இதில் பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது என்பதுபோல நின்றாள்.

சில்லு எடுப்பதில் ஒரு முறை உண்டு. குடியிருப்பவர் கண்ணெதிரில் உளியால் சுவரில் ஒரு சில்லைப் பெயர்த்து, அதை இரண்டாக உடைக்க வேண்டும். ஒரு பாதி ஆய்வகத்துக்கு; அது வெறும் டப்பியில், மேலே ஒட்டுச் சீட்டோடு போகும். மறுபாதி சாட்சிச் சில்லு. அதை உறையிலிட்டு அரக்கு வைத்து, பொறியாளரும் குடியிருப்பவரும் குறுக்கே கையெழுத்துப் போட வேண்டும். பிற்பாடு தகராறு வந்தால் பிரித்துப் பார்ப்பதற்காக அது ஏழு வருடம் அலமாரியில் தூங்கும். இதுவரை ஒரு சாட்சிச் சில்லைக்கூட யாரும் எழுப்பியதில்லை.

ரேணுகா பத்தொன்பது வீட்டிலும் சில்லு எடுத்தாள். கடைசியாக மாதிரி வீட்டிலும், அதாவது 201இலும் எடுத்தாள். விளம்பரத்துக்கு அந்த முடிவுதான் முதலில் வேண்டும் என்று கஜேந்திரன் சொல்லியிருந்தார். அந்த வீட்டுக் குடும்பம் சங்கத் தலைவர் நவநீதத்தின் மைத்துனருடையது. வாசலில் பெரிய மாக்கோலம். உள்ளே நுழைந்தால் கண் எரிகிற அளவுக்குச் சாம்பிராணி. எப்போது போனாலும் சாம்பிராணிதான். என்ன பக்தியோ என்று நினைத்துக்கொண்டு சில்லை உடைத்தாள்.

தன் மேசைக்கு வந்து டப்பிகளில் ஒட்டுச் சீட்டு ஒட்டும்போது, அவள் முன்பே முடிவு செய்திருந்ததைச் செய்தாள். 201இன் சில்லில் 1203 என்று ஒட்டினாள். 1203இன் சில்லில் 201 என்று ஒட்டினாள். மாதிரி வீட்டுச் சில்லில் மீன் தெரிந்தால் என்ன ஆகிவிடும்? தலைவரின் மைத்துனர். ஆய்வகத் தவறு என்று சொல்லி அமுக்கிவிடுவார்கள், யாருக்கும் ஒரு சேதமும் இல்லை. பூங்காவனத்துக்கோ வீடு தப்பும். அன்று மாலை பேருந்தில் போகும்போது, எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளுக்குத் தன்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. விளம்பரப் பலகைப் பெண்ணைப் பார்த்து, போடி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பத்து நாளில் முடிவு வந்தது. பதினெட்டு வீடுகள் தேறின. மாதிரி வீடு 201, கலப்பற்ற சைவம் என்று முதலிடத்தில் தேறியது. தேறாத வீடு ஒன்றே ஒன்று: 1203. ‘கோழி, ஆடு, அடிக்கடி’ என்று எழுதியிருந்தது.

ரேணுகா அந்த வரியை மூன்று முறை படித்தாள். கோழி, ஆடு. மீன் இல்லை. சாம்பிராணிப் புகையின் நெடி மூக்கில் ஏறுவதுபோல இருந்தது. இருபது வருடம் அதே புகையைப் போட்டவளுக்கு அந்த வாசலில் நின்றபோது தோன்றவில்லை. மாக்கோலம் போட்ட வீட்டைச் சந்தேகிக்க அவளுக்கும் மனம் வரவில்லை. கவிச்சி அடித்த வீட்டை நம்பவும் மனம் வரவில்லை.

அவள் பன்னிரண்டாம் மாடிக்குப் போவதற்குள் வெளியேற்ற அறிவிப்பு அங்கே போய்விட்டிருந்தது. தங்கை பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். பூங்காவனம் வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள், முழங்கை வரைக்கும் செதில் மினுங்கியது. அறிவிப்புத் தாளை நீட்டி, “கோழியாம் மேடம், ஆடாம்” என்றாள். “யாரு துன்னாங்கோ? எங்கேர்ந்து வந்துச்சு?”

ரேணுகா தாளை வாங்கி மறுபடி அந்த வரியைப் பார்த்தாள்.

“மீனுன்னு போட்டிருந்தாகூட மனசு ஆறும். குப்பத்துக்காரி, அதான் எழுதிட்டான்னு உட்டுருவேன். இங்க வந்ததுலேர்ந்து ஒரு துண்டு மீனு இந்த வூட்டு அடுப்புல ஏறல. நான் வெட்டுற மீனை நான் வாங்க முடியாது மேடம். எல்லாம் உங்க மாதிரி ஆளுங்க பையில போவுது. செதிலு மட்டும்தான் என்கூட வூட்டுக்கு வருது. சின்னதுங்க என் கைய மோந்து பாத்துக்கினே சோறு துன்னும். அதையா உங்க சுவரு எழுதிச்சு?”

அந்தப் பிள்ளைகள் அவள் கையை முகர்ந்துகொண்டு ரசம் சோறு சாப்பிட்டதை ரேணுகா நினைத்துப் பார்த்தாள். சாப்பிடவில்லை என்று இவள் சொன்னாளே. நேருக்கு நேர் நின்று இரண்டு முறை சொன்னாளே. நம்பியிருந்தால் ஒன்றுமே செய்ய வேண்டியிருக்கவில்லை. வாங்குவோர் சங்கத்தில் அத்தனை பேர் கூடிச் செய்ய முடியாததை ஒரு ஒட்டுச் சீட்டில் செய்து முடித்திருக்கிறோம் என்று தோன்றியபோது, புடவையில் கை துடைத்த அந்த அம்மாளே எவ்வளவோ தேவலை என்று பட்டது.

நேரே கஜேந்திரன் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். சீட்டை மாற்றியது, மாற்றிய காரணம், 201இல் உண்மையில் கிடைத்த முடிவு, எல்லாம். அவர் அதிர்ச்சியடைவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தெரியும் ரேணுகா. எட்டுப் பேர் மூச்சு விட்ட சுவர் நாலு பேர் சுவரைவிட இளசா இருக்குமா? அறிக்கையில இறுக்கமும் போட்டிருக்கானே. பார்த்ததுமே சீட்டு மாறிப்போச்சுன்னு புரிஞ்சுது.”

“புரிஞ்சுதுன்னா ஏன் சார் அனுப்பினீங்க?”

“திருப்பி எழுதினா மாதிரி வீடு தோத்துப்போகும். அதைக் காட்டித்தானே மத்த எல்லாத்தையும் விக்கிறோம்? நவநீதம் சார் வீட்டு மானமும் போகும். ஒரு குடும்பம் வெளிய போனா இதெல்லாம் அடங்கிடும். நீங்க தெரியாம பண்ணினீங்க, எங்களுக்கு உதவியாப் போச்சு.” பிறகு குரலைத் தாழ்த்தி, 1203ஐ இனி சைவக்காரர்கள் யாரும் வாங்கமாட்டார்கள், ஊழியர் சலுகையில் வேண்டுமானால் அவளே எடுத்துக்கொள்ளலாம், வாடகை வீட்டில் எத்தனை நாள் ஒளிந்து ஒளிந்து சமைப்பாள் என்று பரிவோடு கேட்டார். அவள் கறி சமைப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்துதான் இருக்கிறது.

ரேணுகா கழிவறைக்குப் போனாள். முகம் கழுவினாள். உண்மையைச் சொல்வதென்றால், கண்ணாடி முன்னால் நின்ற ஒரு நிமிடம் அந்த வீட்டைப் பற்றி யோசித்தாள். இரண்டு படுக்கையறை, கிழக்குப் பார்த்த வாசல், யாரும் எதுவும் கேட்காத சமையலறை. யோசித்ததை நினைத்துக் கூசிப்போனாள். பிறகு தரப் பிரிவு அலமாரியைத் திறந்து இரண்டு உறைகளை எடுத்தாள். 201, 1203. இரண்டு சாட்சிச் சில்லுகள், அரக்கு கலையாமல். ஒன்றின் குறுக்கே பூங்காவனம் என்று எழுத்துக்கூட்டிப் போட்ட கையெழுத்து.

பூங்காவனத்தின் குடும்பம் அப்போது கோபுரத்தின் பின்வாசலில், சாக்கு மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. ரேணுகா அவள் எதிரில் நின்று, தான் செய்ததைச் சொன்னாள். அழாமல் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள், அதை மட்டும் ஒழுங்காகச் செய்தாள். குறைதீர்ப்பு மன்றத்தில் மனு போடலாம், இந்த உறைகளைப் பிரித்துச் சோதித்தால் எல்லாம் வெளியே வந்துவிடும், தானே வந்து சாட்சி சொல்வதாகச் சொன்னாள்.

பூங்காவனம் கத்தவில்லை, திட்டவில்லை. உறைகளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நான் சொன்னப்போ நம்பல” என்றாள். “இந்தக் கல்லு சொன்னா நம்புவியா?”

பூங்காவனம் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. உறைகளை இடுப்பில் செருகிக்கொண்டு, மன்றம் எங்கே இருக்கிறது, எந்த பஸ் போகும் என்று கேட்டாள்.

வழக்கு ஐந்து மாதம் நடந்தது. அந்த ஐந்து மாதமும் அந்தக் குடும்பம் பள்ளிக்கரணையில் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தது. ரேணுகாவுக்கு முதல் வாரமே வேலை போயிற்று. பொறியாளர் உரிமத்தையும் இரண்டு வருடம் நிறுத்திவைத்தார்கள். அது நியாயம்தான் என்று அவளுக்கே பட்டது. சாட்சிச் சில்லுகளை மன்றத்தின் முன்னால் பிரித்து வேறு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். நவநீதத்தின் மைத்துனர் குடும்பம் சத்தமில்லாமல் வேறு ஊருக்கு மாறிப்போனது. விளம்பரப் பலகையில் இருந்த பெண் மட்டும் சுவரை விட்டு நகரவில்லை.

தீர்ப்பு நாளில் பூங்காவனம் வேலையிலிருந்து அரை நாள் விடுப்புக் கேட்டு அப்படியே வந்திருந்தாள். தலைமை உறுப்பினர், வெளுத்த சட்டை போட்ட பெரியவர், தெளிவாக வாசித்தார். மனுதாரர் குடும்பத்தார் பதினாறு மாதங்களாக மீனோ இறைச்சியோ உட்கொள்ளவில்லை என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகியிருக்கிறது. எனவே அவர்கள் தூய சைவர்கள். எனவே பின்கட்டு வீட்டுக்கு முழுத் தகுதி உடையவர்கள். அவர் முகத்தில் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி இருந்தது. பசியை அவர் ஒழுக்கமாக மாற்றிப் படித்து முடிப்பதை ரேணுகா பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள்.

நிறுவனத்தின் வக்கீல் எழுந்து, தீர்ப்பை மதிப்பதாகவும் ஒரு சிறு ஏற்பாடு மட்டும் வேண்டுவதாகவும் சொன்னார். பின்கட்டின் சுவரும் உயிர்க்காரைதான், முன்கோபுரத்தோடு ஒட்டியதுதான். மனுதாரர் சைவர் என்ற அடிப்படையில் வீடு பெறுவதால் இனியும் சைவராகவே தொடர்வதாக ஓர் உறுதிமொழி எழுதித் தரட்டும். வருடத்துக்கு ஒருமுறை சில்லு எடுத்துப் பார்த்துக்கொள்கிறோம். அதில் தவறில்லையே என்றார் தலைமை உறுப்பினர்.

பூங்காவனம் தாளைப் பார்த்தாள். வாசலில் தேசப்பன் இருமுவது உள்ளே கேட்டது. ரேணுகா தன்னை அறியாமல் பாதி எழுந்தாள்; போடாதே என்று சொல்வதற்கா, போடு என்று சொல்வதற்கா என்று அவளுக்கே தெரியவில்லை. பூங்காவனம் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

“ஆயுசுக்கும் துன்னக்கூடாதா?” என்று மட்டும் கேட்டாள்.

“ஏற்கெனவே சாப்பிடாதவங்கதானேம்மா நீங்க” என்றார் பெரியவர் அன்பாக.

பேனா கேட்டாள். அவர் தன் சட்டைப் பையிலிருந்ததைக் கொடுத்தார். அவள் எழுத்துக்கூட்டி நிதானமாகக் கையெழுத்திட்டு, பேனாவை நீட்டினாள். நீட்டிய கையிலிருந்து கவிச்சி மேசைக்கு மேலே பரவியது. பெரியவரின் மூக்கு ஒரு கணம் சுருங்கியது, பிறகு அவர் புன்னகைத்தார்.

“பரவாயில்லம்மா. நீங்களே வச்சுக்குங்க.”

வெளியே வந்ததும் தங்கை அழுதாள், பிள்ளைகள் குதித்தன, வீடு வீடு என்று தேசப்பன் இருமலுக்கு நடுவில் சொன்னான். பூங்காவனத்துக்கு அங்காடிக்குத் திரும்ப வேண்டியிருந்தது. மாலையில்தான் கூட்டம் வரும். ரேணுகா ஒதுங்கி நின்றிருந்த தூணருகே வந்தாள். மன்னிப்புப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று ரேணுகா எதிர்பார்த்திருக்கக்கூடாது, ஆனாலும் எதிர்பார்த்தாள்.

“இந்தா மேடம்” என்று அந்தப் பேனாவை நீட்டினாள் பூங்காவனம். “எனக்கு எதுக்கு இது? பேரு எழுதி ஒட்டுறதெல்லாம் உனக்குத்தான் நல்லா வருது.”

அதற்குள் பஸ் வந்துவிட்டது. அவள் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். பின்படிக்கட்டில் நின்றிருந்தவர்கள் அவளுக்கு இடம் விட்டு விலகி நின்றார்கள், தேவைக்கு மேல் கொஞ்சம் அதிகமாகவே.

ரேணுகா கையிலிருந்த பேனாவை மூக்கருகே கொண்டுபோனாள். கொண்டுபோன பிறகுதான், தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.